பம்ப் மாற்றியும் நின்றுபோகிற பிக்கப்: அடுத்து ஈசியூ வாங்க வேண்டுமா?

கேள்வி: எட்டு வருடப் பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது, சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. ஓடும்போது, சுமை ஏற்றியிருந்தாலும், இழுவை நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் முதலில் பிளக் மாற்றினார், அப்புறம் பெட்ரோல் பம்ப். சரியாகவில்லை. இப்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள்.

சுமையோடு போனாலும் இழுவை குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். பம்ப் பலவீனமாக இருந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் இடத்தில், அதாவது மேட்டில் ஏறும்போதும் வேகமாகப் போகும்போதும்தான் முதலில் திணறும். உங்கள் வண்டி நேர்மாறாக நடந்துகொள்கிறது. பெட்ரோலின் அழுத்தத்தை பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் பம்ப் செலவே மிஞ்சியிருக்கலாம் என்று நினைக்கையில் வருத்தமாக இருக்கிறது.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது மட்டும் தொல்லை என்றால் என் சந்தேகம் காற்றின் மேல்தான். அப்போது இன்ஜின் 700, 800 ஆர்பிஎம்மில் மிகக் குறைந்த காற்றை வைத்துச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். வேகம் எடுத்ததும் உள்ளே போகும் காற்றே பல மடங்காகிவிடுவதால் அந்தக் கசிவு தெரியாது. எட்டு வருட ரப்பர் இறுகி வெடிப்பது சகஜம். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) போகும் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் (காற்று உள்ளே போகும் பாதையின் இணைப்பை அடைக்கும் பட்டை) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் கசிவு கண்ணுக்கே தெரியும்.

ஸ்கேனர் இருந்தால், அது காட்டும் பழுதுக் குறியீட்டை (கோடு) மட்டும் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். காரணத்தை அது சொல்லாது. இன்ஜின் ஓடும்போதே வரும் லைவ் டேட்டாவில் ஃபியூல் டிரிம் (ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூடி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவு என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். பி0301, பி0302 மாதிரி ஒரே சிலிண்டரில் மிஸ்ஸிங் காட்டினால், அதன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். அந்தப் பழுதுக் கோடும் கூடவே அந்தச் சிலிண்டருக்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. இதற்குக் காசே வேண்டாம்.

கசிவு இல்லையா? திராட்டில் பாடியில் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி படிந்திருக்கிறதா, ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே ஐட்லிங்கைக் கெடுத்து, ஓட்டத்தில் ஒளிந்துகொள்ளும். திராட்டிலைச் சுத்தம் செய்தபின் ஐடில் ரீலேர்ன், அதாவது ஐட்லிங் அளவை ஈசியூவுக்கு மறுபடி பழக்குவது, செய்ய வேண்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, முன்னைவிட மோசமாகிவிட்டது என்று புதுத் திராட்டில் பாடி வாங்கியவர்கள் உண்டு. பெட்ரோல் போட்ட உடனே மட்டும் உதறினால் பர்ஜ் வால்வைச் (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடுவது) சந்தேகப்படுங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சாரைச் (இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது) சந்தேகப்படுங்கள்.

ஈசியூ பழுதாவது உண்டு, ஆனால் அபூர்வம். அதற்கு வரும் பவரும் எர்த்தும் சரி, சென்சார்கள் சரி, வயரிங் சரி என்று அளந்து பார்த்தபின்தான் அதன் மேல் கை வைக்க வேண்டும். எந்த அளவீட்டை வைத்து இந்த முடிவுக்கு வந்தார் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பதில் வராவிட்டால், சோதனைக்கு மட்டும் கட்டணம் கொடுத்து வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பாருங்கள். மின்னணு பாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. வேறு வண்டியில் கழற்றிய பழைய ஈசியூவும் பல மாடல்களில் சாவியோடு புரோகிராம் செய்யாமல் ஸ்டார்ட் ஆகாது.

கழற்றிய பழைய பம்பையும் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்களுடையது, நல்லதாகவே இருக்கக்கூடும்.

அதுவரை சுமையோடு இறக்கத்தில் போவதைத் தவிர்த்துவிடுங்கள். இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகிவிடும். பிரேக்கிலும் ஓரிரு மிதிக்குத்தான் பூஸ்டர் உதவி மிஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.