கையுறை கொடுத்தும் காயங்கள் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: சிறிய உற்பத்திக் கூடம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆறு மாதங்களில் எங்களிடம் மூன்று விபத்துகள் நடந்துவிட்டன. ஒருவர் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பெட்டி தூக்கிய இன்னொருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ட்ரில்லிங் மெஷினில் கையுறை சிக்கி ஒருவருக்கு விரல் நசுங்கியது. எல்லாருக்கும் கையுறை, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி கொடுத்திருக்கிறோம். எச்சரிக்கைப் பலகைகளும் வைத்திருக்கிறோம். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்த மூன்று விபத்துகளுக்கும் உங்கள் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று காரணம் எழுதப்பட்டிருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். எட்டு மணி நேரமும் சிறிதும் கவனம் சிதறாமல் யாராலும் வேலை செய்ய முடியாது. ஒரு நொடி கவனம் பிசகினாலும் காயம் படாதபடி பணியிடத்தை அமைப்பதுதான் நிர்வாகத்தின் பொறுப்பு.

பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ கொண்டுவர வேண்டும். அதன்பின் தடுப்பு, மூடி போன்ற பொறியியல் ஏற்பாடுகள், அடுத்து பயிற்சியும் விதிமுறைகளும், கடைசியாகத்தான் கையுறையும் தலைக்கவசமும். நீங்கள் இந்த வரிசையின் கடைசி இரண்டு படிகளை மட்டும் செய்திருக்கிறீர்கள்.

ட்ரில்லிங் மெஷின் விபத்தில் கையுறையே காயத்துக்குக் காரணமாகிவிட்டது. சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறை அணியக் கூடாது. துணியின் ஒரு நூல் துளைமுனையில் மாட்டினாலும், கையை இழுத்துக்கொள்ள நினைப்பதற்குள் அது விரலைச் சுற்றிவிடும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, மோதிரம், கட்டாத தலைமுடி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். துளையிடும் பொருளைக் கையால் பிடிக்காமல், அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வைஸ் என்ற இடுக்கியில் இறுக்குங்கள். உலோகச் சீவல்களை இயந்திரத்தை நிறுத்திய பிறகு தூரிகையால் தள்ளச் சொல்லுங்கள். துளைமுனையைச் சுற்றி ஒளி ஊடுருவும் காப்பு மூடி பொருத்துங்கள். அவசர நிறுத்தப் பொத்தான், நிற்கும் இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும்.

பழுது பார்க்கும்போதும் இயந்திரத்தில் சிக்கிய பொருளை எடுக்கும்போதும் நேரும் காயங்கள் இவற்றைவிடக் கொடியவை; ஒருவர் கையை உள்ளே விட்டிருப்பது தெரியாமல் இன்னொருவர் இயந்திரத்தை இயக்கிவிடுவார். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, அந்தச் சாவியை வேலை செய்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். குழாயில் தங்கிய காற்றழுத்தம், இழுபட்ட ஸ்பிரிங், உயர்த்தி வைத்த பாரம் ஆகியவை மின்சாரம் இல்லாமலே இயங்கக்கூடியவை என்பதால், அவற்றையும் முன்கூட்டியே விடுவிக்க வேண்டும்.

தரையைப் பொறுத்தவரை, எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதே தீர்வு. அதுவரை கசிவின் கீழே தட்டு வையுங்கள். வெறும் ஈரத்துணியால் துடைப்பது எண்ணெயை இன்னும் அகலமாகப் பரப்பிவிடும். உறிஞ்சும் பொருளைத் தூவி அள்ளிவிட்டு, எண்ணெயைக் கரைக்கும் சோப்புநீரால் கழுவி, உலரும்வரை அந்த வழியை அடைத்து வைக்க வேண்டும்.

பாரம் தூக்குவதில், அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தன் கணக்கீட்டுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் எடை 23 கிலோ. பாரம் உடலை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், நல்ல கைப்பிடியோடு இருந்து, உடலைத் திருப்பாமல் எப்போதாவது ஒருமுறை தூக்கினால் மட்டுமே அந்த அளவு பொருந்தும். கைகளை நீட்டியோ, தரையிலிருந்தோ, அடிக்கடியோ தூக்கினால் அது வெகுவாகக் குறைந்துவிடும். ‘முழங்காலை மடக்கித் தூக்கு’ என்ற அறிவுரையை மட்டும் நம்பாதீர்கள். பெட்டிகளைச் சிறிதாக்குங்கள், இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள், தள்ளுவண்டி வாங்குங்கள்.

ஏணி பயன்படுத்தினால், சாயும் இடம் 4 மீட்டர் உயரம் என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

காயம் படாமல் தப்பிய நிகழ்வுகளையும் கேட்டு எழுதுங்கள். ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயங்கள், 300 காயமற்ற நிகழ்வுகள் என்று 1931-ல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் ஹெய்ன்ரிக் கொடுத்த விகிதத்தை எல்லா இடத்துக்கும் பொருந்தும் கணக்காக நான் ஏற்பதில்லை. ஆனாலும் வழுக்கியும் விழாமல் தப்பியவர் சொல்லும் செய்தி, மணிக்கட்டு முறிவதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. சொன்னவரைக் கண்டித்தாலோ அபராதம் போட்டாலோ அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

ட்ரில்லிங் மெஷினில் கையுறையை நாளைக்கே நிறுத்திவிடுங்கள். காப்பு மூடியை எங்கே, எப்படிப் பொருத்துவது என்று முடிவு செய்யும்போது, விரல் நசுங்கிய தொழிலாளரையும் அந்த இயந்திரத்தின் முன் அழைத்துக் கேளுங்கள்; அங்கே கை எப்படி நகர வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.