பல்கலைக்கழகத்தின் பெயரா, கையில் கிடைத்த பாடப்பிரிவா?

வாசகி கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். மகன் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்ததால் யூ.டி. ஆஸ்டினில் (ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) தானாகவே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, கணிதம்தான் கொடுத்திருக்கிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் "யூ.டி.யை விட்டுடாதீங்க, நல்ல பசங்க அங்கதான் இருக்காங்க" என்கிறார்கள். இரண்டுக்கும் தரத்தில் அவ்வளவு வித்தியாசமா? மே 1-க்குள் சொல்லியாக வேண்டும்.

பதில்: வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகனின் அடுத்த நான்கு வருடத்தைத் தீர்மானிக்கப்போவது அது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த "நல்ல பசங்க" பேச்சு. டெக்சஸில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தின் எந்தப் பள்ளியாக இருந்தாலும் முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. கூட்டம் தாங்காமல் யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் 2009-இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள்: டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் முக்கால் பங்கை இப்படி நிரப்பினால் போதும். அதனால்தான் அங்கே வரம்பு 6 சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆனது. ஏ அண்ட் எம்மில் இன்னும் 10-தான்.

இதற்கு என்ன அர்த்தம்? யூ.டி.யில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் தங்கள் பள்ளியில் முன்வரிசையில் இருந்தவர்கள். பிளேனோ, ஃபிரிஸ்கோ மாதிரி ஊர்களில் முதல் 5 சதவீதம் என்றால் எவ்வளவு போட்டி என்று உங்களுக்கே தெரியும். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் எல்லையோரச் சிறு ஊர்ப் பள்ளியில் முதல் 5 சதவீதத்தில் வந்த பிள்ளைக்கு உங்கள் பள்ளியில் இருக்கிற வகுப்புகளில் பாதிகூட இருந்திருக்காது. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் இருவருக்கும் இருநூறு புள்ளி இடைவெளி இருந்தால் ஆச்சரியமில்லை. நான் இரண்டு வகைப் பிள்ளைகளோடும் பேசியிருக்கிறேன். யாரிடம் தரம் அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

சராசரி எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு யூ.டி.யே ஒரு உதாரணம் கொடுத்தது. கொரோனாவுக்குப் பிறகு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைக் கொடுப்பதும் கொடுக்காததும் மாணவர் விருப்பம் என்று விட்டிருந்தார்கள். 2024-இல் மறுபடியும் கட்டாயமாக்கியபோது காரணத்தையும் சொன்னார்கள். அந்த ஆண்டு விண்ணப்பித்த சுமார் 73,000 பேரில் 42 சதவீதம் பேர்தான் தங்கள் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். அவர்களில் நடுவில் நிற்கும் மாணவரின் மதிப்பெண் 1420. வேண்டாம் என்று சொன்னவர்களில் நடுவில் நிற்பவருடையது 1160. ஒரே வாசலில் ஒரே வருடம் நின்ற இரண்டு கூட்டம் இது. ஆகவே யாராவது "அங்கே ஆவரேஜ் இவ்வளவு" என்று சொன்னால், எத்தனை பேருடைய ஆவரேஜ் என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது, பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்தான் ஒன்று, உள்ளே போக வாசல் பல. யூ.டி.யில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள், ஏ அண்ட் எம்மில் எழுபதாயிரத்துக்கு மேல். யூ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாசல் ஊசிமுனை அளவு. வேறு சில துறைகளின் வாசல் அகலமானது. உங்கள் மகனே இதற்கு சாட்சி: சட்டம் அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தது, கேட்ட பாடத்தில் கொடுக்கவில்லை.

அப்புறம் ரேங்கிங். யூ.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வருடாவருடம் போடும் பட்டியலில் யூ.டி. முப்பதை ஒட்டியும் ஏ அண்ட் எம் ஐம்பதை ஒட்டியும் வருகின்றன. 2023 செப்டம்பரில் அவர்கள் கணக்குப் போடும் முறையை மாற்றினார்கள். வகுப்பின் அளவு, முன்னாள் மாணவர் நன்கொடை போன்றவை நீக்கப்பட்டன. ஏ அண்ட் எம் 67-லிருந்து ஒரேயடியாக 47-க்கு வந்தது. யூ.டி. 38-லிருந்து 32. அந்தக் கோடை விடுமுறையில் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊரில் பேராசிரியர்கள் மாறிவிடவில்லை, பிள்ளைகளும் மாறிவிடவில்லை. மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம், மற்ற பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் அதிகாரிகளும் ஒன்று முதல் ஐந்து வரை போடும் மார்க். இளநிலை இன்ஜினியரிங் பட்டியலோ முழுக்க முழுக்க அந்த மாதிரி மார்க்கை வைத்தே போடப்படுகிறது.

பெயர் வெறும் காற்றில் வந்தது என்று சொல்ல வரவில்லை. லித்தியம் பேட்டரிக்காக 2019-இல் நோபல் வாங்கிய ஜான் குட்இனஃப் 1986 முதல் யூ.டி.யில் இருந்தவர். அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவர், அவரோடு நெடுங்காலம் வேலை செய்த நம்மூர்க்காரர், மதுரையிலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஆராய்ச்சியின் பெருமை. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அதுதான் உயிர். முதலாம் ஆண்டு கால்குலஸ் வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்காரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அது போய்ச் சேர, அவனாகக் கதவைத் தட்டி ஒரு ஆய்வகத்தில் நுழைய வேண்டும்.

இனி உங்கள் விஷயம். யூ.டி.யில் கணிதத்தில் சேர்ந்து பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கோடுதான் பலரும் போகச் சொல்கிறார்கள். உள்மாற்றம் என்பது விண்ணப்பித்துப் போட்டியிட்டுப் பெற வேண்டிய இடம். நல்ல ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) இருந்தாலும் உறுதி கிடையாது. ஏ அண்ட் எம்மில் வேறு மாதிரி. அங்கே இன்ஜினியரிங்கில் முதல் வருடம் எல்லோரும் பொதுப்பிரிவு. வருட முடிவில் எந்தத் துறை என்று பிரிப்பார்கள். 'என்ட்ரி டு எ மேஜர்' என்ற அதற்குப் பிள்ளைகள் வாயில் 'ஈடாம்' என்று பெயர். ஜி.பி.ஏ. 3.75 வைத்திருந்து மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் போட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அந்தப் போட்டி கடுமை. 2013-இல் "2025-க்குள் 25,000 இன்ஜினியரிங் மாணவர்கள்" என்று இலக்கு வைத்துப் பெருக்கிய கல்லூரி அது. வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து ஒரு பி, ஒரு சி வந்தாலே 3.75 ஆட்டம் காணும். முதல் செமஸ்டரிலேயே நிமிர்ந்து உட்கார வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், அவன் சேரும் ஆண்டுக்கான பக்கத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

இரண்டையும் ஒப்பிட எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்ப்பது? 'காமன் டேட்டா செட்' என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடாவருடம் வெளியிடும் ஒரு ஆவணம் உண்டு. பல்கலைக்கழகப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். எல்லோரும் நேராக சி பகுதிக்குப் போய் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதே கட்டத்தின் மேலேயே எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்று இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எனக்குப் பிடித்தது பி பகுதி: முதலாமாண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாமாண்டு திரும்பி வந்தார்கள், நான்கு வருடத்தில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள். ஐ பகுதியில் வகுப்புகளின் அளவு இருக்கும், நூறு பேருக்கு மேல் உள்ள வகுப்புகள் எத்தனை என்பது உட்பட.

பி பகுதியை ஏன் சொல்கிறேன் என்றால், 2012 வாக்கில் யூ.டி.யில் நான்கு வருடத்தில் முடித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். அதைப் பார்த்துக் கவலைப்பட்டு, பின்தங்கும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சின்ன வகுப்பு, வழிகாட்டி, உதவித்தொகை என்று தாங்கிப் பிடித்தார்கள். 2018-இல் அது 70 சதவீதத்தை நெருங்கியது. வந்தது அதே சட்டத்தின் வழியே வந்த மாணவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் தரம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

சம்பள விவரத்துக்கு மத்திய அரசின் 'காலேஜ் ஸ்கோர்கார்ட்' தளத்தில் துறைவாரியாகப் பாருங்கள். அதிலும் யூ.டி. கணிதத்தையும் ஏ அண்ட் எம் கம்ப்யூட்டர் சயின்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யூ.டி. கம்ப்யூட்டர் சயின்ஸை அல்ல. அது அவனுக்குக் கிடைக்காத இடம். செலவில் பெரிய வித்தியாசம் வராது, இரண்டும் உள்மாநிலக் கட்டணம்தான்.

என் அபிப்பிராயம்: மென்பொருளோ வன்பொருளோ, இன்ஜினியர் ஆவதுதான் அவன் ஆசை என்றால் ஏ அண்ட் எம். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவறினாலும் எலக்ட்ரிக்கல், இண்டஸ்ட்ரியல் என்று பக்கத்துக் கதவுகள் அங்கே திறந்திருக்கும். கணிதம் அவனுக்கு உண்மையிலேயே பிடிக்கும், நிரூபணங்களோடு மல்லுக்கட்டுவதில் சுகம் காண்கிறான் என்றால் யூ.டி. கணிதம் அருமையான இடம், தயங்காமல் அனுப்புங்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகு, தெரிந்தவர்கள் சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நாலு வருஷமும் கணிதம் மட்டும்தான், மாறவே முடியாதுன்னா ஆஸ்டினுக்குப் போவியா?" பதில் சொல்ல அவனுக்கு நேரம் கொடுங்கள். நடுவில் நீங்களோ அவன் அப்பாவோ பேசிவிடாதீர்கள்.