வாசகர் கேள்வி பதில்: தங்கச்சி பங்கும் தசமபாகமும்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நாலு கடிதம் ஒரே இடத்தை சுத்தி சுத்தி வருது. நம்ம ஆராதனையை ஆண்டவர் எப்ப வேண்டாம்னு தள்ளுவார், அதான் கேள்வி. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டு இந்த நாலை மட்டும் எடுத்துக்கிறேன். யார் பேரும் போடல.

ஐயா, ஆராதனை நேரத்துல என் மனசு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. வாய் பாட்டு பாடும், நினைப்பு ஆபீஸ்ல கிடக்கும். "இந்த ஜனங்க உதட்டால என்னை கனம்பண்றாங்க, இருதயமோ தூரமா இருக்கு"ன்னு இருக்கே, அது எனக்குத்தானோன்னு பயமா இருக்கு. நான் பண்ற ஜெபம் எல்லாம் வீண்தானா?

இல்லம்மா. அந்த வசனத்தை வச்சு உங்களை நீங்களே அடிச்சுக்காதீங்க. அது ஏசாயா 29ல வர்ற வார்த்தை, அதை இயேசு மத்தேயு 15ல எடுத்துப் பேசுறார், ஆனா எந்த சமயத்துல பேசினார்னு பாத்தா உங்களுக்கே விளங்கும். வயசான அப்பா அம்மாவுக்கு செய்யவேண்டியதை செய்யாம, "உங்களுக்கு தரவேண்டியதை தேவனுக்குன்னு காணிக்கையா நேர்ந்துட்டேன்"னு ஒரு மகன் சொல்லிட்டா போதும், அவன் கடமை தீர்ந்துச்சுன்னு அன்னைக்கு மதத் தலைவங்க ஒரு வழி வச்சிருந்தாங்க, மாற்கு அதை கொர்பான்னு பேர் சொல்லியே எழுதியிருக்கார். அந்த வழியைக் காட்டித்தான் இயேசு உதடு ஒரு பக்கம் இருதயம் ஒரு பக்கம்னு சொன்னார். பாட்டு நடுவுல நினைப்பு அலைஞ்சதுக்காக சொன்னது இல்ல. பெத்தவங்களை கைவிட்டுட்டு அதுக்கு சாமி பேரை மறைப்பா வச்ச மனசைத்தான் தூரமா இருக்கிற இருதயம்னு சொன்னார்.

மனசு அலையிறது களைப்பு. இயேசு பிடிபட்ட ராத்திரி கெத்செமனே தோட்டத்துல அவரோட சீஷங்க பேதுரு, யாக்கோபு, யோவான் மூணு பேரும் ஜெபிக்கச் சொன்னா தூங்கிட்டாங்க. "ஒரு மணி நேரம் விழிச்சிருக்க முடியலையா"ன்னு வருத்தத்தோட கேட்டார், ஆவி உற்சாகமாத்தான் இருக்கு, மாம்சம் பலவீனமா இருக்குன்னு அவங்க நிலைமையையும் அவரே சொன்னார், அவங்களை தள்ளிவிடல. நினைப்பு ஓடினா திரும்ப கூட்டிட்டு வாங்க, அடுத்த வரியில இருந்து பாடுங்க. அவ்வளவுதான்.

ஐயா, அப்பா காலமான பிறகு வீட்டை வித்தோம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஏற்கனவே நிறைய செலவு பண்ணியாச்சுன்னு அவளுக்கு பங்கு கொடுக்கல. கொடுக்கிறேன்னு அப்பாகிட்ட வாக்கு கொடுத்திருந்தேன், அது உண்மைதான். வந்த பணத்துல பத்துல ஒரு பங்கை, தசமபாகத்தை, ஒரு பைசா குறையாம கொடுத்துட்டேன், மேலயும் கொடுத்தேன். ஆனா அதுக்கப்புறம் ஆராதனையில நின்னா உள்ள வறண்டு கிடக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம் இருந்து பாத்தேன், ஒண்ணும் மாறல. எனக்கு என்ன ஆச்சு?

தம்பி, நீங்களே பதிலையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கீங்க, அதை உங்களுக்கு வாசிச்சு காட்டுற வேலைதான் எனக்கு. கோபப்படாம படிங்க.

ஆமோஸ்னு ஒருத்தர், தெக்கோவா ஊர்க்காரர், ஆடுமாடு மேய்ச்சுக்கிட்டு காட்டத்திப் பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தவர், இரண்டாம் யெரொபெயாம் ராஜா காலத்துல, கி.மு. 8ஆம் நூற்றாண்டுல, ஜனங்க பலி கொடுக்கக் கூடுற பெத்தேலுக்குப் போய் பேசினார். அப்ப இஸ்ரவேல் நல்லா செழிப்பா இருந்த காலம், பலி கொடுக்கிறதுலயும் தசமபாகத்துலயும் பண்டிகையிலயும் ஒரு குறையும் கிடையாது. அந்த ஜனங்களைப் பாத்து, உங்க பண்டிகையை வெறுக்கிறேன், உங்க பாட்டு எனக்கு இரைச்சலா இருக்கு, அதை என் முன்னால இருந்து எடுத்துடுங்கன்னு ஆண்டவர் சொன்னதா சொன்னார். பாட்டுல சுருதி சரியில்லைன்னு இல்ல. காரணத்தை அவரே சொல்றார், அமாவாசையும் ஓய்வுநாளும் எப்ப முடியும், கடையைத் திறந்து தானியம் விக்கலாமேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்களாம், மரக்காலை சின்னதாக்கி, எடைக்கல்லை பெருசாக்கி, கள்ளத்தராசு வச்சு, பதரையும் தானியத்தோட சேர்த்து வித்தாங்களாம்.

அதே ஆமோஸ் புத்தகத்துல 2ஆம் அதிகாரத்துல ஒரே ஒரு வசனம் இருக்கு, எனக்கு அதை கடந்து போக முடியாது. அடகுக்கு வாங்கின துணியை விரிச்சு பலிபீடத்துக்குப் பக்கத்துலயே படுத்துக்கிறாங்கன்னு ஒரு வரி. சும்மா படிச்சா ஒண்ணும் தெரியாது. யாத்திராகமம் 22ஐ பக்கத்துல வச்சுப் பாருங்க. ஏழைகிட்ட போர்வையை அடகா வாங்கினா சூரியன் மறையிறதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடணும், அவன் உடம்புக்கு அது ஒண்ணுதான் போர்வை, வேற எதை போத்திக்கிட்டு தூங்குவான், அவன் என்னை நோக்கி கூப்பிட்டா நான் கேப்பேன்னு ஆண்டவரே சட்டத்துக்கு நடுவுல நின்னு பேசுறார். இப்ப யோசிச்சுப் பாருங்க. ராத்திரி. எங்கயோ ஒருத்தன் குளிர்ல சுருண்டு கிடக்கிறான். அவன் போர்வை பலிபீடத்துக்குப் பக்கத்துல விரிச்சுக் கிடக்கு, அது மேல ஒரு பக்திமான் படுத்திருக்கான். ஆண்டவருக்கு ரெண்டு பேரும் தெரியுறாங்க, ஒரே நேரத்துல.

உங்க தசமபாகம் அந்த போர்வை மாதிரிதான் தம்பி. அதுல ஒரு பகுதி தங்கச்சியோடது. அவளுக்குப் போகவேண்டியதுல இருந்து எடுத்து ஆண்டவர் கையில வச்சா அவர் எப்படி வாங்குவார்? கல்யாணத்துக்கு செலவு பண்ணோம்னு சொல்றீங்க, சரி, அப்பாவுக்கும் அந்த செலவு தெரியும்தானே, தெரிஞ்சுதானே வாக்கு கேட்டார், நீங்களும் தெரிஞ்சுதானே கொடுத்தீங்க.

சரி, இப்ப என்ன செய்யணும். இதுக்கு வழி ரொம்ப பழைய காலத்துலயே எழுதி வச்சிருக்கு, லேவியராகமம் 6ஆம் அதிகாரம் ஆரம்பத்துல. ஒருத்தன் அடுத்தவனை ஏமாத்திட்டான், ஒப்படைச்சதை இல்லைன்னுட்டான், கண்டெடுத்ததை மறைச்சான், இப்படி எதுவா இருந்தாலும் முதலை திருப்பிக் கொடுக்கணும், அதுக்கு மேல ஐந்துல ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கணும். அதாவது 100 எடுத்திருந்தா 120. யாருக்கு? ஆசாரியனுக்கு இல்ல, உரியவனுக்கு, அதுவும் பலி கொண்டுவர்ற அதே நாள்லயே. கடாவைப் பத்தி பேச்சு அதுக்கு அடுத்த வசனத்துலதான் வருது. முதல்ல ஆள், அப்புறம் ஆடு. அந்த வரிசை தற்செயலா வந்ததுன்னு நான் நினைக்கல. வரி வசூலிச்ச சகேயுவும் இயேசு முன்னால நின்னு யாரையாவது ஏமாத்தி எதையாவது வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னுதான் சொன்னான், இன்னும் நல்லா பாடுறேன்னு சொல்லல.

உபவாசத்தைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் நீங்க ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்க. ஏசாயா 58ல ஜனங்க உங்க மாதிரியே கேக்கிறாங்க, நாங்க உபவாசம் இருக்கோம், நீர் ஏன் பாக்கலன்னு. வேலைக்காரங்களை கசக்கிப் பிழியிற அன்னைக்கே உபவாசம் இருந்தா எப்படி, கட்டை அவிழ்த்துவிடுறதும் நொறுங்கிக் கிடக்கிறவங்களை விடுதலையாக்குறதும்தானே எனக்குப் பிடிச்ச உபவாசம்னு பதில் வருது. நீங்க வயித்தை காயப்போட்டதுல தப்பு இல்ல, தப்பான கணக்குல வரவு வச்சுட்டீங்க.

அந்த வறட்சியை சாபம்னு நினைக்காதீங்க. எனக்கும் அது வந்திருக்கு. எங்க அண்ணன் மேல இருந்த கோபத்துல ஒரு வருஷம் பேசாம இருந்தேன், அவர் கஷ்டத்துல இருந்தப்ப என்கிட்ட உதவி கேட்டு ஆள் அனுப்பினார், கையில இல்லைன்னு பொய் சொன்னேன், கையில இருந்துச்சு. அந்த ஞாயிறு திருவிருந்துல தட்டு வரிசையா வருது, பக்கத்துல இருந்தவர் என் கையில கொடுக்கிறார், என் விரல் தட்டு விளிம்பைப் பிடிச்சிருக்கு, எடுக்க முடியல. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்படியே அடுத்தவருக்கு கொடுத்துட்டு எழுந்து வெளிய போய் செருப்பு கிடந்த இடத்துல நின்னு அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் எடுத்ததும் நான் பேசவே இல்ல, அழுதேன், அவர் "சாப்பிட்டியாடா"ன்னு கேட்டார். எனக்கு அன்னைக்கு ஆராதனை அங்கதான் நடந்துச்சு, உள்ள இல்ல.

தங்கச்சிக்கு போன்ல வேண்டாம், முடிஞ்சா நேர்ல போங்க. கணக்கை எழுதி எடுத்துட்டு போங்க. மொத்தமா இல்லைன்னா எப்ப எப்ப எவ்வளவுன்னு தேதி போட்டு கொடுங்க. "ஆண்டவர் சொன்னார், அதான் வந்தேன்"னு ஆரம்பிக்காதீங்க, அது அவளுக்கு செய்யிற மரியாதை இல்ல. "நான் தப்பு பண்ணிட்டேன், இது உன்னுது"ன்னு சொல்லுங்க, அது போதும்.

ஐயா, என் கணவர் சபையில முன்னால நின்னு ஜெபிக்கிறவர். கேக்கிறவங்க கண்ணு கலங்கிடும். வீட்ல என்னை மட்டமா பேசுவார், கை ஓங்கினதும் உண்டு. கேட்டா "எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நீ வராதே"ன்னு சொல்றார். அவர் ஜெபம் கேக்கப்படுதா?

அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உங்களை நிறுத்தினதே ஆண்டவர்தான் சகோதரி. இதை நான் கற்பனையில சொல்லல. மல்கியா 2ல பலிபீடத்தை கண்ணீரால நனைச்சு அழுதுக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட, உங்க காணிக்கையை இனி மதிக்க மாட்டேன்னு வருது, ஏன்னு அவங்க கேக்க, உனக்கும் உன் இளவயசு மனைவிக்கும் நடுவுல கர்த்தர் சாட்சியா இருந்தார், அவளுக்கு நீ துரோகம் பண்ணிட்டேன்னு பதில் வருது. அந்த கண்ணீர் நடிப்புன்னு அங்க எழுதல, கவனிங்க. நிஜமா அழுதிருக்கலாம். அப்பவும் வாங்கிக்கல. புதிய ஏற்பாட்டுல பேதுரு இன்னும் நேராவே சொல்லிட்டார், 1 பேதுரு 3:7, மனைவியை கனம் பண்ணணும், இல்லைன்னா உங்க ஜெபத்துக்கு தடை வரும்.

அதனால உங்க கேள்விக்கு பதில், தடைபட்டிருக்கு. சபை முழுக்க ஆமென் சொன்னாலும்.

ஆனா இதை அவர்கிட்ட சொல்லி திருத்துற பாரத்தை உங்க தலையில வைக்க மாட்டேன். கை ஓங்குற இடத்துல முதல் விஷயம் உங்க பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, உங்க வீட்டு ஆட்கள்ல ஒருத்தரோ சபையில பெரியவங்களோ, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. திரும்ப கை ஓங்கினா வீட்டை விட்டு வெளிய போறதும் போலீஸ்ல சொல்றதும் பாவம் இல்ல. "ஜெபம் பண்ணி பொறுத்துக்கோ"ன்னு மட்டும் யாராவது சொல்லி அனுப்பினா அவங்களோட நிக்காதீங்க, அடுத்த ஆளைத் தேடுங்க. சபை நடத்துறவங்க இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த மனுஷனுக்கு மைக் கொடுக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச பிறகும் அவரை முன்னால நிறுத்தினா அந்த அம்மாகிட்ட ஆண்டவரே உன் பக்கம் இல்லைன்னு நீங்க சொல்ற மாதிரி ஆகிடும். நான் ரொம்ப கோபமா எழுதுறேன்னு தோணலாம், ஆமா, கோபம்தான்.

ஐயா, பலிபீடத்துல காணிக்கையை வச்சிட்டு போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல இருக்கே. நான் மூணு தடவை போயிட்டேன். தப்பு என்னுது, மன்னிப்பும் கேட்டேன், நஷ்டத்தையும் கொடுத்துட்டேன். அவர் கதவை சாத்திட்டார். அப்ப அவர் மன்னிக்கிற வரைக்கும் நான் ஆராதனைக்குப் போகக் கூடாதா?

போங்க, தாராளமா போங்க. இயேசு அதை கலிலேயாவுல வச்சு சொன்னார், பலிபீடமோ எருசலேம்ல. நடுவுல 100 கிலோமீட்டருக்கு மேல, சில நாள் நடை. கேட்டவங்களுக்கு அது புரிஞ்சிருக்கும், காணிக்கையை பீடத்து முன்னால அப்படியே விட்டுட்டு அவ்வளவு தூரம் ஊருக்கு நடந்து வந்து, பேசிட்டு, திரும்ப அவ்வளவு தூரம் நடந்து போகணும். அவ்வளவு சிரமம் எடுத்தாலும் இது முக்கியம்னு சொன்னார். நீங்க அந்த நடையை மூணு தடவை நடந்திருக்கீங்க.

"பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து"ன்னும் அதே வசனத்துல இருக்கு, அந்த பாதியை நிறைய பேர் படிக்கிறதில்ல. பவுலும் ரோமர் 12ல "உங்களால ஆன மட்டும்" எல்லாரோடயும் சமாதானமா இருங்கன்னுதான் எழுதினார். உங்களால ஆனதை செஞ்சாச்சு. கதவு அவருடையது, திறக்கிற நேரமும் அவருடையது, நீங்க அவரை காயப்படுத்தினவர், அதனால சீக்கிரம் மன்னிங்கன்னு அவரை நெருக்கவும் உங்களுக்கு உரிமை கிடையாது. நாலாவது தடவை போகாதீங்க. ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, எப்ப பேசணும்னு தோணினாலும் நான் இருக்கேன்னு. அப்புறம் ஞாயித்துக்கிழமை போய் உங்க இடத்துல உக்காருங்க, அவருக்காகவும் ஜெபம் பண்ணுங்க, பேர் சொல்லி.