கரடி சுட்ட ரொட்டி

அண்ணா, வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது கனடாவில், ஸ்காபரோவில். அம்மாவின் ஊர் இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள ஒட்டுசுட்டான், அம்மம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறா. போன கிழமை ஊரிலிருந்து வந்த ஒருவர் பனம்பழக் களியில் செய்த பினாட்டு கொண்டுவந்து தந்தார். தம்பி அதை மணந்து பார்த்துவிட்டு இது மாட்டுத் தோலா என்று கேட்க, அம்மம்மா அவனைப் பேசிவிட்டு அப்படியே காட்டுக் கதைகள் சொல்லத் தொடங்கிவிட்டா. கரடி தன் குட்டிக்குத் தேனும் பழமும் சேர்த்து ரொட்டி சுட்டு வைக்குமாம், அதை எடுத்துத் தின்ற ஆட்களும் இருந்தார்களாம். யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் வெளியே வருமாம், உடைத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காதாம். நரிக்குக் கொம்பு உண்டாம். ஆக்காட்டிக் குருவி வானம் விழுந்துவிடும் என்று காலை மேலே தூக்கிக்கொண்டு படுக்குமாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததில் அவவுக்குச் சரியான கோபம்.

இவற்றில் எது உண்மை, எது கதை? வன்னியில் உங்களுக்கு மிகவும் பிடித்த தீன் எது? அடுத்த வருடம் ஊருக்கு வர இருக்கிறோம், எந்த மாதம் வந்தால் நல்லது? உடும்பு இறைச்சி பற்றியும் கேட்கச் சொல்லித் தம்பி கரைச்சல் தருகிறான்.

அன்புடன்,
வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் வேலையாக அம்மம்மாவிடம் போய், கரடி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி என்று சொல்லிவிடுங்கள். கரடி அடுப்பு மூட்டுவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். தாய்க்கரடி பலாப்பழம், விளாம்பழம், தேன்வதை எல்லாம் தின்றுவிட்டு வந்து, பாதி செரித்த அந்தக் கலவையைக் குட்டிகளுக்காகக் கக்கிக் கொடுக்கும் என்றும், அது இறுகி, கடும் மஞ்சள் நிறத்தில் வட்டமான ஒரு ரொட்டி மாதிரி ஆகிவிடும் என்றும், இந்தியாவில் காட்டை அண்டி வாழ்ந்த சிலர் அதைத் தேடியெடுத்து ருசித்துத் தின்றார்கள் என்றும் விலங்குகளைப் பற்றி எழுதியவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் காட்டில் பலா கிடையாது, ஆனால் விளாவும் பாலையும் தேனும் தாராளம். வன்னிக் கரடியின் ரொட்டியில் எதெல்லாம் இருந்திருக்கும் என்று யோசிக்கும்போதே எனக்கு வாயூறுகிறது. வாந்தியா என்று தம்பி முகம் சுளித்தால், தேன் எங்கிருந்து வருகிறது என்று அவனைக் கேளுங்கள். தேனீ பூவிலிருந்து குடித்ததை வயிற்றில் உள்ள ஒரு பையில் கொண்டுவந்து, கூட்டில் கக்கி, வற்றவைத்ததுதானே அதுவும்.

சாப்பாட்டில் கரடிக்கு இருக்கிற ஈடுபாடு எங்கள் காட்டில் வேறெந்த மிருகத்துக்கும் கிடையாது என்பேன். மேல்வரிசை முன்பற்களில் நடுவில் உள்ள இரண்டும் அதற்கு இல்லை. புற்றை நகத்தால் கிண்டி, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சும், அந்தச் சத்தம் நல்ல தூரத்துக்குக் கேட்கும். அதே புற்றில் மழைக்குச் சிறகு முளைத்துக் கிளம்புவதுதான் ஈசல். பாரியின் பறம்பு நாட்டைப் பாடவந்த கபிலர் புறநானூற்று 119ஆம் பாட்டில் செம்புற்று ஈசலைப் புளித்த மோரோடு சமைத்த உணவைச் சொல்கிறார். கரடியும் நம் முன்னோரும் ஒரே புற்றில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

உங்கள் அம்மம்மா சொன்னவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராததற்கும் இதுதான் காரணம். வன்னியின் மிருகக் கதைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அவை சாப்பாட்டுக் கதைகள். எந்த மரம் எப்போது பழுக்கும், அதைத் தேடி வேறு யார் வருவார்கள், எதை எடுக்கலாம், எந்த நேரத்தில் அங்கே நிற்கக்கூடாது என்பதெல்லாம் அந்தக் கதைகளுக்குள் இருக்கிறது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் என்ற வெள்ளைக்காரர் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். 1850இல் வடக்கில் வறட்சி வந்தபோது கரைச்சிப் பகுதியில் கரடிகளின் நடமாட்டம் அவ்வளவு கூடிப்போய், பெண்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போவதையே நிறுத்திவிட்டார்களாம். இரவில் தாகத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கிய கரடி, இளகிய மண்ணில் ஏறி வெளியே வர முடியாமல், விடியும்போது கிணற்றுக்குள்ளேயே நிற்குமாம். இன்றைய கிளிநொச்சிப் பக்கம்தான் அந்தக் கரைச்சி. அப்படியான இடத்தில் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது கரடிக் கதை சொல்லாமல் வேறு என்ன கதை சொல்வது?

சரி, எனக்குப் பிடித்தது எது என்று கேட்டீர்கள். யோசிக்காமல் சொல்வேன், பாலைப்பழம். மஞ்சள் நிறத்தில் விரல் நுனியளவு, அளவுக்கு மீறிய இனிப்பு, அந்த இனிப்போடு கூடவே உதட்டைச் சேர்த்து ஒட்டிவிடுகிற பால். ஒரு பிடி தின்ற பிறகு வாயைத் திறக்கத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டிவரும், அதற்காகத் தின்னாமல் விட்டவர்களை நான் கண்டதில்லை. வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை காலம், வற்றாப்பளை அம்மன் பொங்கலும் பாலைப்பழமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். ஏ9 வீதியோரத்திலும் வவுனியாச் சந்தையிலும் சுண்டு என்ற அளவையால் அளந்து விற்பார்கள். மிஞ்சினால் காய்ச்சிப் பாணியாக்கி வைப்பதும் உண்டு. இதே காலத்தில்தான் கரடியும் பாலை மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். வில்பத்துவிலும் யாலவிலும் கரடி பார்க்கப் போகிறவர்கள் யூன், யூலை மாதங்களைத் தேர்ந்தெடுப்பதே இந்தப் பழத்துக்காக அது வெளியே வரும் என்பதால்தான். பழம் பொறுக்கப் போகிறவர் முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கரடி இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்கும், கீழே ஆள் நிற்பது அதற்குத் தெரியாது, தெரிந்தவுடன் முகத்தைத்தான் தாக்கும்.

யானையும் விளாம்பழமும் வேறு மாதிரி. 'ஆனை உண்ட விளாங்கனி' தமிழில் மிகப் பழைய பேச்சு, யானை விளாம்பழத்தை விரும்பித் தின்பதும் உண்மை, அதன் இலத்தியில் விதைகள் கிடந்து முளைப்பதும் உண்மை. ஆனால் யானையின் கடைவாய்ப்பற்களுக்கு முன்னால் அந்த ஓடு நிற்காது, முழுசாக வெளியே வருகிறது என்பது கதை. உள்ளே ஒன்றுமில்லாமல் மரத்திலேயே வெறுமையாகிப் போன பழத்தைக் கண்டவர்கள் அதற்கு ஒரு காரணம் தேடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தேரை மோந்த தேங்காய் என்கிறோமே, அதிலும் இதேதான் நடந்திருக்கிறது. மகரந்தச் சேர்க்கை சரிவராமலோ மண்ணில் சத்துக் காணாமலோ உள்ளே பருப்புப் பிடிக்காத காய் அது, பாவம் தேரை தென்னையடியில் சும்மா இருந்தது.

நரிக்கொம்பு பற்றியும் ரெனன்ட் எழுதியிருக்கிறார், தமிழ்ப் பெயரையே கொடுத்து. நரிக் கூட்டத்தின் தலைவனுடைய மண்டையில் மயிருக்குள் மறைந்து சின்னதாய் ஒரு எலும்பு முளை இருக்கும், அது கையில் இருந்தால் நினைத்தது நடக்கும், முக்கியமாக வழக்கு வெல்லும் என்று அந்தக் காலத்துச் சனம் நம்பியது. திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் எப்படியோ ஒரு நரிக்கொம்பு தேடிக்கொண்டு, விசாரணைக்கு முன்பு அதை எல்லோருக்கும் காட்ட, எதிராளியின் சாட்சிகள் பயத்தில் சொல்ல வந்ததை மாற்றிச் சொல்லி, ஆள் வழக்கை வென்றுவிட்டாராம். கொம்பு வேலை செய்ததா இல்லையா என்று அம்மம்மாவும் தம்பியும் வாதாடட்டும், நான் அம்மம்மா பக்கம்.

ஆக்காட்டி வானத்தைத் தாங்குவதில்லை. வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடுகிற குருவி அது, அதனால்தான் மனிதர், நாய், நரி யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும். வேட்டைக்காரர் அதைத் திட்டாத நாளில்லை.

பினாட்டுக்கு வருகிறேன், தம்பி தோல் என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததற்கு மேல் மறுபடி ஊற்றி, நாள் கணக்காகச் செய்கிற பண்டம் அது. அந்த மெல்லிய கசப்புக்குப் பழகிவிட்டால் கடையில் விற்கும் எந்த இனிப்பும் வெறும் சீனியாகத் தெரியும். களியைச் சீனி போட்டுக் காய்ச்சி மாவோடு குழைத்து எண்ணெயில் உருட்டிப் போட்டால் பனங்காய்ப் பணியாரம், தம்பியை அதில் தொடங்க வையுங்கள், பினாட்டுக்குத் தானாக வருவான். பனம்பழத்துக்கும் பங்காளிகள் ஏராளம். யானை தின்னும். கள்ளு முட்டியில் வாய் வைக்கிற மரநாய் பழத்தையும் விடாது. மாடு வாயில் அதக்கி மணிக்கணக்காகச் சூப்பும், சூப்பித் துப்பிய கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டுத்தான் எங்களுக்குக் கிழங்கு. அந்தக் கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், ஒடியல் மாவில் கூழ். கிழங்கு கிண்டும்போது ஒதுக்கிப் போடும் கொட்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே வெள்ளையாய்ப் பஞ்சு போல இருக்கிற பூரான் இருக்கிறதே, அதை அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அவவின் கோபம் அந்த இடத்திலேயே போய்விடும்.

உடும்பு விஷயத்தில் தம்பிக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் வன்னியில் உடும்புக் கறி இல்லாத வேட்டைக்காரர் வீடு இல்லை, மருந்து என்று சொல்லிப் பிள்ளைபெற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். கள்ளர் அதன் இடுப்பில் கயிறு கட்டி மதிலில் எறிந்து ஏறுவார்கள் என்ற கதையும் அதன் பிடியின் பெருமைக்காகச் சொன்னது. இன்று உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, 1937ஆம் ஆண்டு வந்த வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மரை, மான் இறைச்சியும் அப்படித்தான். யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டுக் காசோடு வந்து கேட்பதால்தான் சில இடங்களில் பொறி வைக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே கவலை. இறைச்சி ஆசைக்கு ஊர்க்கோழி இருக்கிறது. குளத்து விரால் இருக்கிறது, 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுக் குளங்களெல்லாம் பெருகிய யப்பான் மீன், அதாவது திலாப்பியா, இருக்கிறது, அதை உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துத் தந்தால் உடும்பின் நினைப்பே அவனுக்கு வராது.

ஆகவே யூன் நடுவில் வாருங்கள். பாலைப்பழம் நிச்சயம், மரத்தடியில் காலம்பற இருட்டோடும் பொழுதுபட்ட பிறகும் நிற்க வேண்டாம், சந்தையில் வாங்கித் தின்னுங்கள். பனங்காய்ப் பணியாரத்துக்கு ஆவணி வரை நிற்க வேண்டும், கிழங்குக்கும் பூரானுக்கும் தை மாதம். ஒரே பயணத்தில் எல்லாம் கிடைக்காது. வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பக்கத்திலேயே மணலில் வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாங்குங்கள், இறங்காமல் போகிற வாகனத்துக்குத் தடங்கல் வரும் என்று சாரதியே நிறுத்துவார். சூட்டோடு கோதுடைத்துத் தின்றால்தான் அது கச்சான், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இன்னொரு பை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு உதவி. கரடி ரொட்டியைத் தின்ற ஆட்கள் இருந்தார்கள் என்று அம்மம்மா சொன்னா அல்லவா, அவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள், மரப்பொந்திலா, கற்குகையிலா, அப்படியே தின்றார்களா, நெருப்பில் வாட்டினார்களா, இவ்வளவையும் சிரிக்காமல் கேட்டு, அவ சொல்கிற சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டில் அதைக் கண்ட ஒருவரின் வாய்மொழி இதுவரை என்னிடம் இல்லை.

அன்புடன்,
அண்ணா