பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் போய் வருகிறேன். காலை ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் எட்டு மணிக்குத்தான் உள்ளே நுழைய முடிகிறது. தொழிலாளர்கள் எப்படி, எவ்வளவு நேரம் பயணம் செய்கிறார்கள் என்று அரசு கணக்கெடுத்திருக்கிறதா? – ஒரு வாசகி

பதில்: எடுத்திருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கும் கணக்கு அதில் முழுமையாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலையிடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, நடந்து செல்கிறீர்களா, சைக்கிளிலா, பேருந்திலா, ரயிலிலா என்று கேட்டார்களே தவிர, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்கவில்லை. வெளியான பயண அட்டவணைகளிலும் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோர் சேர்க்கப்படவில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டில் பீடி சுற்றிவிட்டு, அதை ஒப்படைத்து இலையும் தூளும் வாங்கக் கடைக்கு நடந்து காத்திருக்கும் பெண்களின் நேரம் எந்தப் பத்தியிலும் ஏறாமல் போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அமெரிக்காவில் 1980 முதல், வேலையிடம் போய்ச் சேர எத்தனை நிமிடம் என்றே கேட்டு வருகிறார்கள். 2019-இல் ஒரு வழிக்கு அங்கே சராசரி 27.6 நிமிடம். உங்களுடையது அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். நம் நாட்டில் 2019-இலும் 2024-இலும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு, அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரை ஒருவர் என்னென்ன செய்தார் என்பதை அரைமணி அரைமணியாகக் குறித்துக்கொண்டது. வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கு அதில் தனி இடம் உண்டு.

ஆயினும் உங்கள் இரண்டரை மணி நேரத்தைத் தூரம் மட்டும் தின்னவில்லை. நெல்லைக்கு வந்து, வண்டி மாறி, நகரத்தைக் கடந்து வடக்கே போக வேண்டியிருப்பதால், ஓடும் நேரத்தோடு நிற்கும் நேரமும் சேர்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது மாதச் செலவைக் குறைத்த நல்ல திட்டம்தான். என்றாலும், முன்னால் வரும் கட்டண வண்டியை விட்டுவிட்டு அடுத்த இலவச வண்டிக்கு நிற்பவர்களின் நிமிடங்களையும் யாராவது எண்ண வேண்டும். தாமிரபரணியைத் தோணியில் கடக்கக் கொக்கிரகுளத்தில் மக்கள் காத்துக் கிடந்த காலத்தில், சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்ததால் 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. காத்திருப்பதை ஒரு துன்பமாக மதித்த ஒருவர் அன்று இருந்தார்.

நீங்களும் உடன் வேலை செய்வோரும் ஒரு வாரம் ஒரு நோட்டில் நான்கு நேரங்களைக் குறித்து வாருங்கள்: வீட்டை விட்ட நேரம், வண்டி வந்த நேரம், மாறி ஏறிய நேரம், வாயிலில் நுழைந்த நேரம். அதே கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர் கூட்டத்தில் அதைக் கொடுத்து, ஷிப்ட் நேரத்துக்குப் பொருந்தும் பேருந்து கேளுங்கள். ‘வண்டி சரியில்லை’ என்ற மனுவைவிட, ‘தினமும் நாற்பது நிமிடம் நின்றோம்’ என்ற மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் அது பணியின்போது நேர்ந்ததாகுமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஆகலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் (இ.எஸ்.ஐ.) 2010-இல் செய்த திருத்தம் இதை ஏற்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருவோருக்கும் இது பொருந்தும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் விபத்து நடந்த சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டும். ஆகவே பயணச்சீட்டை, அது கட்டணமில்லாச் சீட்டாக இருந்தாலும், இறங்கியவுடன் கிழித்துப் போடாதீர்கள்.