நண்பனிடம் கூலி வாங்கலாமா?

சார், வணக்கம். எனக்கு வயது 47, ராயபுரம். இருபது வருஷத்துக்கு மேல் ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸில் இருந்தேன். போன வருஷம் ஆள் குறைப்பில் வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுகிற இடத்தில் ஒருவர், தன் மச்சானின் தையல் யூனிட்டில் மெஷின் தையல் விட்டு விட்டு அடிக்கிறது, வந்து பாருங்கள் என்றார். சரிசெய்து கொடுத்தேன். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் பல யூனிட்டுகளில் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கொடுத்ததை வாங்கிக்கொள்கிறேன். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின் மட்டும் இன்னும் பழகவில்லை. சொந்தக்காரர்கள், ‘இந்த வயசுல தையல் மெஷின் ரிப்பேரா?’ என்கிறார்கள். நண்பர்கள் தயவில் பிழைக்கிறேனோ?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

ஊசி அடிவரை இறங்கி லேசாக மேலெழும்போது நூல் சின்ன வளையமாக விலகும். அடியில் சுற்றும் ஹூக்கின் முனை அந்த நேரத்தில் வந்து அதைப் பிடிக்க வேண்டும். மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. ஜெராக்ஸ் மெஷினில் ரோலர் பிந்தினால் பேப்பர் ஜாம். எது எப்போது வந்து சேரவேண்டும் என்று பார்ப்பதுதானே இத்தனை வருஷமாக உங்கள் பிழைப்பு? மச்சானின் ஆர்டர் நின்றுபோயிருந்தது, அதைக் கிளப்ப உங்கள் கேரம் நண்பருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இதில் தயவு எங்கே வந்தது?

உதவியவர் நெருங்கிய சிநேகிதர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் பக்கம் புது வேலைக்குப் போனவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் ஆள் கைகொடுத்திருந்தார். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்கள். காரணம் எளிது. நெருங்கியவருக்கு நமக்குத் தெரிந்த சேதிதான் தெரியும். உங்களோடு சர்வீஸ் பார்த்தவர்களுக்கு வண்ணாரப்பேட்டையில் எந்த மெஷின் நிற்கிறது என்று எப்படித் தெரியும்? கேரம் போர்டைச் சுற்றி நாலு தொழில்காரர்கள் உட்கார்கிறார்கள். (2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். அந்தப் பலகையை யாராவது வெட்டிப்பொழுது என்றால் இதைச் சொல்லுங்கள்.)

சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். 1996இல் பி அண்ட் சி துணி மில் மூடிய ஊர் இது. நாற்பது தாண்டியபின் வேறு தொழிலுக்குப் போனவர் இல்லாத தெரு அங்கே குறைவு.

கூச்சம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் எல்லா யூனிட்டும் ராப்பகலாக ஓடும், நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். காசு பேசாத இடத்துக்கு நீங்கள் கடைசியாகத்தான் போவீர்கள், மனசறிந்தே. ‘இத்தனை வருஷப் பழக்கம், கண்டுக்கல பாரு’ என்று அந்த யூனிட்காரர் நினைப்பார். ‘பத்து தடவை சும்மா வந்தேனே’ என்று நீங்கள் நினைப்பீர்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரே போர்டில் எப்படி உட்காருவது?

ஜெராக்ஸில் ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டுப் பழகியவர் நீங்கள். அதையே இங்கே கொண்டுவாருங்கள். மெஷினுக்கு மாதம் இவ்வளவு, எண்ணெய், டைமிங் பார்ப்பது அதில் சேரும், பார்ட்ஸ் தனி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதலில் கூட்டிக்கொண்டு போனவரின் மச்சானுக்குச் சலுகை தர ஆசையா? தாராளமாகத் தாருங்கள், ஆனால் முழுத் தொகையையும் பில்லில் எழுதிவிட்டு, சலுகையை அதிலேயே கழித்துக் காட்டுங்கள்.

பி.எஃப். பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பென்ஷன் திட்டத்தில் 10 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து பென்ஷன் உண்டு. உங்கள் சர்வீஸைக் காட்டும் பி.எஃப். ஆபீஸ் சான்றான ஸ்கீம் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

ஓவர்லாக்கைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் ஹூக்குக்குப் பதில் நூலை வளைத்துக் கோக்கும் லூப்பர், நூலும் கூடுதல், முதலில் கண்ணைக் கட்டும். ஆனால் நைட்டி, டி-ஷர்ட் தைக்கிற இடமெல்லாம் அதுதான் ஓடுகிறது. பழைய மெஷின் ஒன்று எந்த யூனிட்டின் மூலையிலாவது கிடக்கும். அதைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் நண்பர்களிடம் இலவசமாகக் கேட்கலாம்.

அன்புடன்.