2,400 டாலர் கோர்ஸ் வேண்டாம், காலை ஷிஃப்ட் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். கணவர் எச்1பி. 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு போக ஆண்டுக்கு 1,40,000 டாலர் சம்பளம். எனக்கு எச்4, இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வந்து நான்கு மாதம் ஆகிறது. கோவையில் ஆறு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இங்கே பிஹேவியரல் ஹெல்த் டெக்னீசியன் பயிற்சி எடுத்தால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், மணிக்கு 20 டாலர் கிடைக்கும் என்கிறார்கள். ஓர் ஆன்லைன் நிறுவனம் நான்கு மாத கோர்ஸுக்கு 2,400 டாலர் கேட்கிறது. மாதத் தவணையும் உண்டாம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் 3 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். சேரலாமா?

பதில்: வேலைக்குப் போங்கள். அந்த கோர்ஸில் மட்டும் சேராதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'பிஹேவியரல் ஹெல்த் டெக்னீசியன்' என்பது அமெரிக்கா முழுக்க ஒரே பொருளில் வழங்கும் பட்டம் அல்ல. மனநல மருத்துவமனை வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவரும் அந்தப் பெயரில் இருப்பார், போதை மறுவாழ்வு மையத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவரும் இருப்பார். அரிசோனாவில் மாநில விதியிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சைக்கியாட்ரிக் டெக்னீசியன் என்றால் தனி லைசென்ஸ். நீங்கள் சொல்கிற ஆட்டிசம் குழந்தைகள் வேலைக்குக் கேட்கிற சான்றிதழ் வேறு: ஆர்.பி.டி., அதாவது ரிஜிஸ்டர்டு பிஹேவியர் டெக்னீசியன். அதைக் கொடுப்பது பி.ஏ.சி.பி. என்ற சான்றிதழ் வாரியம். அந்த 2,400 டாலர் கோர்ஸின் விளம்பரத்தில் ஆர்.பி.டி. என்ற மூன்று எழுத்து எங்காவது இருக்கிறதா, இருந்தால் என்ன சொல்லி இருக்கிறது என்று பாருங்கள்.

ஆர்.பி.டி.க்கு வேண்டியது இவ்வளவுதான். 18 வயது, பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, செய்முறை மதிப்பீடு, கடைசியில் 85 கேள்விகள் கொண்ட ஒன்றரை மணி நேரத் தேர்வு. அந்த 40 மணி நேரத்தை 5 நாளுக்குக் குறையாமலும் 180 நாளுக்கு மிகாமலும் முடிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 50 டாலர், தேர்வுக்கு 45. இரண்டும் சேர்ந்தே நூறைத் தொடவில்லை. நான்கு மாதம் எங்கிருந்து வந்தது, 2,400 எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இதில் சூட்சுமம் செய்முறை மதிப்பீடு. அதைச் செய்ய பி.சி.பி.ஏ. (அதே வாரியம் சான்றளித்த பிஹேவியர் அனலிஸ்ட்) போன்ற தகுதியுள்ள நிபுணர் ஒருவர் வேண்டும். சான்றிதழ் வந்த பிறகும் தனியாகத் தொழில் செய்ய முடியாது. மாதம் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதமாவது ஒருவர் மேற்பார்வை பார்த்தாக வேண்டும். அந்த நிபுணர் எங்கே இருப்பார்? உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தில்தான். வேலை இல்லாமல் கோர்ஸை மட்டும் முடித்தவர் பாதி வழியில் நிற்பார். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் வேலைக்கு விண்ணப்பம், பிறகு பயிற்சி. 40 மணி நேரப் பயிற்சியைத் தங்கள் செலவிலேயே, அதற்குச் சம்பளமும் போட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய. உங்கள் ஆறு வருட வகுப்பறை அனுபவத்தை ரெஸ்யூமேயின் முதல் வரியில் போடுங்கள். கோவை அனுபவம் இங்கே எடுபடாது என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள்.

வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எதிரே நான்கு வயதுக் குழந்தை. மேசையில் ஒரு கோப்பை, ஒரு பந்து. 'கோப்பையைத் தொடு' என்கிறீர்கள். தொட்டால் ஒரு கம்மி மிட்டாய், டேப்லெட்டில் ஒரு பிளஸ். தொடாவிட்டால் கையைப் பிடித்துத் தொடவைத்து ஒரு மைனஸ். இதையே பத்துத் தடவை, இருபது தடவை. நடுவில் குழந்தை மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சில நாள் கடிக்கும். வகுப்பறையில் நாற்பது பேரை மேய்த்தவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சேருவதற்கு முன் ஒரு மையத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 20 டாலர் என்றதும் மனசு 20-ஐ 40-ஆல் பெருக்கும், அப்புறம் 52-ஆல் பெருக்கும். அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

குழந்தைகளின் வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலை பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகுதான், மாலை 3 மணி முதல் 7 வரை. உங்கள் மகன் வீட்டுக்கு வரும் அதே நேரம்! வாரம் 15 மணி நேரம் தருகிறோம் என்பார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொரு வீட்டில் விருந்தாளி என்று ரத்து ஆகிவிடும். பல இடங்களில் ரத்தான நேரத்துக்குக் காசு கிடையாது. கையில் வருவது 12 மணி நேரம் என்று வைப்போம்: 240 டாலர். கணவரின் சம்பளத்தோடு சேர்த்து ஜாயின்ட்டாக வரி கட்டுகிறீர்கள், அதனால் உங்கள் முதல் டாலரே 22 சதவீத அடுக்கில் போய் விழும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அது ஒரு புண்ணியம். மிச்சம் 169. வாரத்துக்கு 88 மைல் கார் ஓட்டினால், மைலுக்கு 40 சென்ட் என்று குறைத்தே போட்டாலும் 35 டாலர். மகனுக்கு ஆஃப்டர் ஸ்கூல் 90 டாலர் என்றால், கடைசியில் நிற்பது 44 டாலர். மணிக்கு நாலு டாலர்கூட இல்லை.

அதே 20 டாலர் சம்பளத்தில் ஒரு மையத்தில், காலை 9 முதல் 1 வரை, ஐந்து நாள் வேலை கிடைத்தால்? இன்னும் பள்ளி சேராத இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் காலையில்தான் வருவார்கள். ஒரே இடம், வாரம் 60 மைல், ஆஃப்டர் ஸ்கூல் செலவே இல்லை. 400 டாலரில் வரி போக 281, கார் போக 257. கோடை விடுமுறையை விட்டு 42 வாரம் என்றாலும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் கையில் நிற்கும். மணிக்கு 18 டாலர் என்று ஒரு மையம் சொன்னாலும் காலை ஷிஃப்ட் என்றால் அதை எடுங்கள். 22 டாலர் கொடுக்கும் மாலை வேலையைவிட அது மேல்.

கோடையிலும் வேலைக்குப் போவதாக இருந்தால், கணவர் அலுவலகத்தில் டிபென்டென்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. என்ற குழந்தைப் பராமரிப்புச் செலவுக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 5,000 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 7,500. பகல்நேர கேம்ப் கட்டணத்தை வரிக்கு முந்திய பணத்திலிருந்தே கட்டிவிடலாம். இருவரும் சம்பாதித்தால்தான் இது செல்லும், அதனால் இத்தனை நாள் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

இப்போது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வேலையில் சேரும் அன்று, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கலாம் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை நீட்டுவார்கள். 'மேரீட்' என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். வாரம் 400 என்று 42 வாரத்துக்கு வரும் உங்கள் 16,800 டாலர் சம்பளத்தைத் தனியாகப் பார்த்தால் அது வரி இல்லாமல் விடும் தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனுக்குள்ளேயே அடங்கிவிடும், அதனால் ஃபெடரல் வரி ஒரு சென்ட்கூடப் பிடிக்கமாட்டார்கள். ஆண்டு முழுக்க 'பரவாயில்லையே, நிறைய வருகிறதே' என்று இருக்கும். ஏப்ரலில் இருவர் கணக்கும் சேரும்போது 3,700 டாலர் பாக்கி என்று வரும். என்னிடம் வந்த ஒரு தம்பதி அந்தப் பணத்தில் ஊருக்கு டிக்கெட் எடுத்து முடித்திருந்தார்கள். வழி சுலபம்: கணவரின் டபிள்யூ-4-இல் 4(சி) என்ற இடத்தில், மாதம் இரண்டு சம்பளம் வாங்குபவராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 155 டாலர் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆஃபர் கடிதத்தில் மூன்று இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். டபிள்யூ-2 ஊழியரா, 1099 என்ற ஒப்பந்தக்காரரா? 1099 என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேரில் முதலாளி பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் உங்கள் தலையில், வேண்டாம். பயிற்சிக்குச் செலவழித்த பணத்தை ஆறு மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறதா, எவ்வளவு? அப்புறம், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்கும், குறிப்பு எழுதும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா? சட்டப்படி அது வேலை நேரம்தான். பெட்ரோல் காசு அப்படியில்லை; டெக்சாஸில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை, ஊழியர் அதை வரியில் கழிக்கவும் 2018 முதல் வழியில்லை. பேசித்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு வரவும் உண்டு. சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறினால் சோஷியல் செக்யூரிட்டியில் ஆண்டுக்கு நான்கு கிரெடிட் சேரும். ஓய்வூதியத்துக்கு 40 வேண்டும். இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இதில் ஒப்பந்தம் இல்லை, ஊரில் கட்டிய பி.எஃப். இங்கே கணக்கில் வராது. ஆகவே இங்கே சேர்ப்பதுதான் சேர்ப்பு.

கடைசியாக அந்த இ.ஏ.டி. அட்டை. 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு கிடையாது. புது அட்டை வராமல் பழையது காலாவதியானால், அன்றே வேலையை நிறுத்த வேண்டும். அதனால் முதல் மூன்று மாதச் சம்பளத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அட்டையில் இருக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாளை ஃப்ரிட்ஜ் காலண்டரில் இப்போதே வட்டமிட்டுவிடுங்கள்.